கொல்லையில் ஒரு குளியல் மேடை

நாயைப் பற்றிக் கட்டுரை எழுதாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. "நாய் நன்றியுள்ள பிராணி. அது இரவில் வீட்டைக் காக்கும்" என்று மூன்றாம் வகுப்பில் தொடங்கி, வகுப்புக்கு வகுப்பு வாக்கியங்களை நீட்டிக்கொண்டே வருகிறோம். நாய் நமக்கு என்னென்ன செய்கிறது என்பது அக்கட்டுரைகளில் நிறையவே இருக்கும். நாய்க்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்ற இடம் வரும்போது, "வேளாவேளைக்கு உணவளிக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். அப்படி விட்டுப்போன பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நாயைக் குளிப்பாட்டுவதற்கு வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தை எப்படி அமைப்பது?

"ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சோப்பும் போதாதா? இதற்கு ஒரு கட்டுரையா?" என்று பெற்றோர் சிலர் நினைக்கக்கூடும். நாய் வளர்க்கும் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாளியின் ஓசை கேட்டவுடனேயே நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறது. அண்ணன் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறான். தங்கை பின்னாலிருந்து தள்ளுகிறாள். வழுவழுப்பான தரையில் நான்கு கால்களும் நாலு பக்கம் போக, முதல் சொம்புத் தண்ணீர் நேரே முகத்தில் விழுகிறது. நாய் திமிறுகிறது, பிடித்த கை இறுகுகிறது, கடைசியில் பல் பட்டுவிடுகிறது. அன்று மாலையே, "கடிக்கிற நாய் இனி இந்த வீட்டில் வேண்டாம்" என்ற பேச்சு எழுகிறது. அதன் பிறகு அந்த நாய் ஆயுள் முழுவதும் சங்கிலியிலேயே கிடக்கும். இல்லாவிட்டால் சாக்கில் கட்டி எடுத்துச் செல்லப்பட்டு, ஊருக்கு வெளியே சந்தைத் திடலில் விடப்படும். குழந்தைக்குக் கையில் காயம்; நாய்க்கு வீடு போயிற்று. இவற்றுள் பெரும்பகுதியை ஒரு நல்ல தரையினால் தடுத்துவிடலாம் என்பதே நான் சொல்ல வந்தது.

நாய் எதற்கு அஞ்சுகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு தெருவெல்லாம் சுற்றிவரும் அதே நாய்தான், ஏரியில் தானாகவே இறங்கி நீந்தும் அதே நாய்தான், குளிக்க அழைத்தால் ஓடுகிறது. எனவே தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல வழியில்லை. நாயின் பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தடித்த மெத்தைகளும் அவற்றின் முன்னே நகங்களும் இருக்கும். பூனையைப் போல நாயால் நகத்தை உள்ளிழுத்துக்கொள்ள முடியாது. மண் தரையில் ஓடும்போது அந்த நகங்கள் மண்ணைக் கவ்விப் பிடிக்கின்றன. மொசைக் தரையிலும் டைல்ஸ் தரையிலும் கவ்வுவதற்கு ஒன்றுமில்லை. அதன்மேல் சோப்பு நீரும் ஓடினால் சொல்லவே வேண்டாம். கால் நிலைக்காத பிராணி தன்னால் ஓட முடியாது என்பதை உடனே உணர்ந்துகொள்கிறது. அதன் பிறகு அதற்கு மிஞ்சியிருப்பது பல்தான். வயதான நாய்க்கு மூட்டு வலியும் இருந்தால் இந்த அச்சம் இரு மடங்காகும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் போக்கிவிடுவது நல்லது. தண்ணீரைக் கண்டு ஓடும் நாய்க்கு வெறி பிடித்திருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். வெறிநாய்க்கடி நோய் முற்றிய மனிதருக்குத்தான் தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொள்ளும். நாய்க்கு அந்த அடையாளம் பொதுவாக வருவதில்லை. வெறி பிடித்த நாய் தண்ணீர் குடிப்பதும் உண்டு. ஆகவே வாளியைக் கண்டு ஓடும் உங்கள் வீட்டு நாயை அதற்காகச் சந்தேகிக்க வேண்டாம்.

இனி இடத்தைத் தேர்ந்தெடுப்போம். கொல்லைப்புறம் உள்ள வீடுகளில் துணி துவைக்கும் கல்லின் பக்கமாக, ஆனால் அதிலிருந்து நாலைந்து அடி தள்ளி அமைப்பது வசதி. குழாய் அருகில் இருக்கும். நீர் போகும் வழியும் ஏற்கெனவே இருக்கும். நாய் குளித்த இடத்திலேயே நம் துணிகளைத் துவைப்பது சரியன்று. கிணறு உள்ள வீடுகளில் மேடை கிணற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்க முடியுமோ அவ்வளவு தொலைவில், கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். நாயின் உடலிலிருந்து வழியும் நீரில் குடற்புழுக்களின் முட்டைகள் இருக்கலாம். எலிக்காய்ச்சல் என்று சொல்கிறோமே, அந்த நோயின் கிருமி நாயின் சிறுநீரிலும் இருக்கக்கூடும். அந்த நீர் கிணற்றடிக்குத் திரும்பக் கூடாது.

நிழல் மிகவும் அவசியம். நமக்கு வியர்ப்பதைப் போல நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிது வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். வேப்பமர நிழலும் புங்கமர நிழலும் மிக நன்று. தென்னை மரத்தடி கூடாது. காயோ மட்டையோ எப்போது விழும் என்று சொல்ல முடியாது. முருங்கை மரத்தடியும் கூடாது. மழைக்காலத்தில் அதன் பட்டையில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சிகள் நாயின் முதுகிலோ உங்கள் கழுத்திலோ விழுந்தால், அன்றைய குளியல் அத்துடன் முடிந்தது. மரமே இல்லாத வீட்டில் நாலு மூங்கில் நட்டு இரண்டு கீற்று போட்டால் போதும். மாடி வீட்டில் குடியிருப்போர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கத்தைக் கண்டுகொள்ளலாம். அங்கே கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டு சுவர்கள் கூடும் மூலையாக இருந்தால் இன்னும் நல்லது. இரு பக்கம் மறைவு இருக்கும்போது நாய் தானாகவே சற்று அமைதியடைகிறது. பிடிப்பவருக்கும் நாலு பக்கம் ஓட வேண்டிய வேலை இல்லை.

மேடையின் அளவு நாயைப் பொறுத்தது. நாட்டு நாய்க்கு 3 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் போதும். இராசபாளையம் நாயைப் போன்ற உயர்ந்த சாதி நாயாக இருந்தால் 4 அடிக்கு 3 அடி வேண்டும். (2005-இல் இந்திய அஞ்சல் துறை நாய்களின் படம் பொறித்த தபால்தலைகளை வெளியிட்டபோது, இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர் நாய், முதோள் நாய் இவற்றோடு நம் இராசபாளையமும் இடம்பெற்றது. தபால்தலை சேர்க்கும் மாணவியர் தங்கள் ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.) உயரத்தில் மட்டும் ஆசைப்பட வேண்டாம். தரையிலிருந்து 3 அல்லது 4 அங்குலம் உயர்ந்தால் போதும். நம் இடுப்பு வலிக்காமல் இருப்பதற்காக உயரமான மேடை கட்டினால், பெரிய நாயைத் தூக்கி ஏற்றும்போதே பாதிச் சண்டை தொடங்கிவிடும். சோப்பு நீரோடு அது குதித்து இறங்கினால் கால் முறியும். குட்டி நாயாக இருந்தால் துவைக்கும் கல்லைப் போன்ற உயரத்தில் ஒரு பலகையை வைத்துக் கோணி விரித்துக் கொள்ளலாம். அப்போதும் ஒரு கை குட்டியை விடக் கூடாது. குளிப்பாட்டுபவர் உட்கார ஒரு மணைக்கட்டை போட்டுக்கொண்டால் இடுப்பு வலியின் பேச்சே இல்லை.

தரைதான் இந்த அமைப்பின் உயிர் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். மண்ணைச் சிறிது தோண்டி, உடைந்த செங்கல் ஜல்லியைப் போட்டுத் திம்மிசு கட்டையால் நன்றாக இடித்து, அதன்மேல் சிமெண்ட் கலவை போட வேண்டும். நம் கொத்தனார்களுக்குத் தரை என்றால் சிமெண்ட் பால் ஊற்றிக் கண்ணாடியைப் போல மெழுகினால்தான் மனம் நிறையும். "நாய்க்கா மேடை கட்டுறீங்க, டீச்சரம்மா?" என்று சிரித்துக்கொண்டே கரணையை எடுத்தவர், மெழுக வேண்டாம் என்றதும் தம் வேலையைக் குறை சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். அவரைச் சமாதானம் செய்து, ஈரம் காயுமுன் ஒரு பழைய விளக்குமாற்றால் குறுக்கே இழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. விளக்குமாறு விட்டுச்செல்லும் அந்த மெல்லிய வரிகளே நாயின் நகத்துக்குப் பிடிப்பு. வரிகள் நீர் ஓடும் திசையிலேயே இருந்தால் அழுக்கு தங்காது என்று சிலர் சொல்வார்கள். என் எண்ணத்தில் குறுக்கு வரிகளே மேல். அழுக்கைத் தேய்த்துக் கழுவலாம். வழுக்கினால் ஒன்றும் செய்ய முடியாது.

நீர் வடிவதற்கு வாட்டம் வேண்டும். 4 அடி நீளத்துக்கு ஒரு அங்குல வாட்டம் போதுமானது. அதற்கு மேல் சாய்த்தால் நாய் சரிவில் நிற்பதைப் போல உணரும். மூன்று பக்கமும் 2 அங்குல உயரத்தில் சிறு வரப்பு வைத்து, நாலாவது பக்கம் நீர் வெளியேற வழி விட வேண்டும். கட்டி முடித்தபின் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். அது நன்றாக இறுகிக் காயும்வரை நாயை அதன்மேல் ஏற்றாதீர்கள். பச்சைச் சிமெண்டின் சுண்ணத் தன்மை பாதத்தை அரித்துப் புண்ணாக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. இரண்டு பழைய கோணிச் சாக்குகளை நனைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக விரித்தால் அதுவே மேடை. தேங்காய் நார் மிதியடியும் ரப்பர் விரிப்பும் கூட இதே வேலையைச் செய்யும். சிமெண்ட் மேடை உள்ளவர்களும் கிழநாய்க்கு இதன்மேல் ஒரு கோணி விரிப்பது நல்லது. கடப்பா கல் கிடைத்தால் பளபளப்பான பக்கத்தைக் கீழே வைத்து, கரடுமுரடான பக்கத்தை மேலே வையுங்கள்.

சுவரைப் பற்றி ஒரு சொல். மேடையை ஒட்டிய சுவரில் வெடிப்போ, பூச்சு உதிர்ந்த பொந்தோ இருந்தால் முதலில் அடைத்துவிட வேண்டும். அழகுக்காகச் சொல்லவில்லை. நாயின் காதோரத்தில் கொட்டை போலத் தொங்குகிறதே உண்ணி, அதில் பெண் உண்ணி வயிறு புடைக்க இரத்தம் குடித்தபின் நாயைவிட்டு இறங்கிவிடுகிறது. இறங்கி, பக்கத்துச் சுவரில் ஏறி, வெடிப்புக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. பொரித்து வரும் குஞ்சுகள் மறுபடி நாயைத் தேடி வருகின்றன. வளர்ந்த உண்ணி பல மாதங்கள் பட்டினி கிடந்தும் உயிரோடிருக்கும். ஆகவே வாரந்தோறும் நாயை மட்டும் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டுச் சுவரை விட்டுவிடுவது, ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதைப் போன்றது. இந்த உண்ணி நாயின் இரத்தத்தில் ஒரு நுண்கிருமியையும் ஏற்றுகிறது. காய்ச்சல், பசியின்மை, ஈறு வெளுத்தல், சில சமயம் மூக்கிலிருந்து இரத்தம் வடிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். கவனிக்காவிட்டால் நாய் இறந்தே போகும். சுவரைப் பூசிச் சுண்ணாம்பு அடித்து வைப்பது இந்த வகையில் ஒரு வைத்தியமே ஆகும்.

அதே சுவரில், நாயின் தோள் உயரத்தில் ஓர் இரும்பு வளையத்தைப் பதித்துக்கொள்ளலாம். ஒரு கை குறைவாக இருக்கும் வீடுகளில் இது மிக உதவும். சங்கிலியைவிடப் பருத்திக் கயிறு மேல். ஈரத்தில் சங்கிலி சத்தம் போடும்; விரலையும் நசுக்கும். கயிறு நாய் தலையைத் திருப்பும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். காலைத் தூக்கிக் கயிற்றுக்குள் விடும் அளவுக்கு நீளமாக இருக்கக் கூடாது. ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும் முடிச்சாகப் போடுங்கள். இழுக்க இழுக்கக் கழுத்தை இறுக்கும் சுருக்கு வேண்டவே வேண்டாம். கட்டியபின், தொலைபேசி மணி அடிக்கிறது என்று உள்ளே போய்விடுவதும் கூடாது. கயிற்றில் சிக்கித் திணறுவதற்கு நாய்க்கு இரண்டு நிமிடம் போதும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் மாடித் தொட்டி நீர் எப்படிக் கொதிக்கும் என்பது நாம் அறிந்ததே. வெயிலில் சுருண்டு கிடக்கும் ரப்பர் குழாய்க்குள் நிற்கும் நீர் அதைவிடச் சூடானது. திறந்தவுடன் அதை நாயின்மேல் பீய்ச்சினால் தோல் வெந்துவிடும். எனவே முதல் நீரை வாழைக்கு விட்டு, பின்வரும் நீரைக் கைக்குழந்தைக்குப் பார்ப்பதைப் போல மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். மார்கழியிலோ இதற்கு நேர்மாறாக, விளாவிய வெந்நீர் தேவைப்படும். வெயில் காலத்தில் காலை 8 மணிக்குள்ளும், குளிர் காலத்தில் 10 மணிக்கு மேலும் குளிப்பாட்டுவது ஏற்றது.

குழாயைவிட வாளியும் சொம்புமே நல்லவை என்பது என் கட்சி. குழாயின் சீறல் ஓசை நமக்குப் பொருட்டில்லை. நம்மைவிடக் கூர்மையாகக் கேட்கும் காதுக்கு அது பாம்பின் சீற்றம் போலத் தோன்றினாலும் வியப்பில்லை. வாளியில் மொண்டு ஊற்றினால் தண்ணீரும் மிஞ்சும். நடுத்தர உயரமுள்ள நாட்டு நாய்க்கு நனைக்க ஒரு வாளி, அலச இரண்டு வாளி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருக்களில் அதுவும் பெரிய செலவுதான். அங்கே நாயைச் சீவி, ஈரத்துணியால் துடைத்துவிடுவதே போதும். நாட்டு நாய்க்கு மாதம் ஒரு குளியல் போதுமானது. அடிக்கடி குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய்ப் பசை போய் அரிப்புதான் மிஞ்சும்.

வெளியேறும் நீரைக் கல்வாழைப் பாத்திக்கோ வாழைக்கோ விடலாம். வசதியிருந்தால் 3 அடி ஆழக் குழி வெட்டி, உடைந்த செங்கலும் ஜல்லியும் நிரப்பி உறிஞ்சு குழியாக்கலாம். எதுவாயினும் நீர் தேங்கக் கூடாது. உண்ணி மருந்து கலந்த நீரை மட்டும் கீரைப் பாத்திக்கும் மீன் தொட்டிக்கும் குளத்துக்கும் விடவே கூடாது. அவ்வகை மருந்துகளில் பல, மீன்களுக்குக் கொடிய நஞ்சு. பெர்மெத்ரின் என்னும் நாய் மருந்து பூனைக்கும் அப்படியே. வீட்டில் பூனையும் இருந்தால் புட்டியின் மேலுள்ள தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

மேடைக்கு அருகில் நாயின் தலைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சிறு மாடம் அல்லது பலகை வேண்டும். அதில் என்னென்ன வைக்கலாம் என்பதைவிட, என்னென்ன வைக்கக் கூடாது என்பதைச் சொல்வது எளிது. பினாயில் கூடாது. காயத்துக்குப் போடும் கிருமிநாசினியை வாளியில் ஊற்றிக் குளிப்பாட்டுவது பல வீடுகளில் வழக்கம். தோல் எரியும், நக்கினால் வயிற்றுக்கும் கேடு. நம் குளியல் சோப்பும் தலைக்குப் போடும் ஷாம்புவும் கூட நாய்க்கு ஏற்றவையல்ல. நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. நம் தோலில் உள்ள புளிப்புத் தன்மை அதில் குறைவு. நாய்க்கென்றே செய்யப்பட்ட மிதமான ஷாம்புவை ஒரு செம்பு நீரில் கரைத்துக்கொண்டு தேய்ப்பதே முறை. சீயக்காய் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எண்ணெய்க் குளியல் நாளில் அழுத தங்கைமாருக்கெல்லாம் தெரியும். நாயால் அதைச் சொல்ல முடியாது, அவ்வளவே. வேப்பிலை வேகவைத்த நீரை ஊற்றுவதில் தவறில்லை. ஆனால் அதனால் உண்ணி ஒழிந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். உண்ணிக்கு மருந்து கால்நடை மருத்துவரிடம்தான் இருக்கிறது. முதுகில் சொட்டு மருந்து விட்டிருந்தால் அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது.

மாடத்தில் இருக்க வேண்டியவை: சீப்பு, பஞ்சு, உண்ணியை எடுக்க ஓர் இடுக்கி, அதைப் போட்டு வைக்கச் சோப்பு நீர் ஊற்றிய ஒரு சிறு டப்பா, பழைய துண்டுகள் இரண்டு, நமக்குச் சாதாரணக் குளியல் சோப்பு ஒன்று. இந்தக் கடைசிச் சோப்பு நாய்க்கன்று. அது எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன். உண்ணியை நகத்தால் நசுக்குவதில் சிறுவர்களுக்கு ஏனோ ஓர் ஆனந்தம். அதன் உள்ளிருப்பது நம் கையில் படுவது நல்லதன்று. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்து, டப்பாவில் போட்டுவிட வேண்டும். வெறுங்காலோடு நிற்காமல் செருப்புப் போட்டுக்கொள்வதும், முடிந்தபின் முழங்கை வரை கழுவுவதும் கட்டாயம்.

குளிப்பாட்டும் முறையில் வரிசை முக்கியம். ஈரமாகுமுன் சீவிவிடுங்கள், சிக்குமுடி நனைந்தால் இறுகிவிடும். காதுகளில் சிறிது பஞ்சு வையுங்கள். நாயின் காதுக் குழல் நேராகச் சென்று பின் வளைந்து போவதால், உள்ளே போன நீர் எளிதில் வெளியே வராது, சீழ் வைக்கும். முதல் சொம்பு கால்களுக்கு, அடுத்தது முதுகுக்கு, பின் கழுத்துக்கு. முகத்துக்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால் போதும். நுரை போடுவதைவிட இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள். தொடை இடுக்கிலும் அக்குளிலும் நிற்கும் சோப்புதான் பல நாய்களின் அரிப்புக்குக் காரணம். இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டே இருங்கள். என்ன பேசினாலும் சரி, வாய்ப்பாடு ஒப்பித்தாலும் சரி, குரல் தணிவாக இருக்க வேண்டும்.

பிறகு அந்தப் புகழ்பெற்ற உதறல் வரும். மேடையின் திறந்த பக்கத்தில் ஆறடி வெட்டவெளி விடச் சொல்வது இதற்காகத்தான். துணிக்கொடியும் அந்தப் பக்கம் வேண்டாம். அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தினர் இந்த உதறலை வேகப் படக்கருவியால் படம் பிடித்து ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுண்டெலி வினாடிக்குச் சுமார் 30 முறை உதறுகிறது. பெரிய நாய் 4 அல்லது 5 முறைதான். உடல் சிறுத்தால் உதறல் வேகம் கூட வேண்டும், இல்லாவிட்டால் நீர்த்துளி முடியை விட்டுப் பிரியாது என்று கண்டார்கள். நாம் துண்டோடு போராடி எடுப்பதைவிட அதிக நீரை நாய் சில வினாடிகளில் தானே எடுத்துவிடுகிறது. ஆகவே உதறலைத் தடுக்காதீர்கள், விலகி நில்லுங்கள். துவட்டியபின் இளவெயில் படும் சுத்தமான இடத்தில், சாக்கு விரித்து விடுங்கள். இல்லையேல் அது நேரே சாம்பல் மேட்டில் போய்ப் புரளும்.

இப்போது மாடத்தில் வைத்த சோப்பைப் பற்றி. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் பல் பட்டுவிடலாம். அப்படிப் பட்டால், கீறல் சிறிதாயினும், அந்த மேடையின் குழாயடியிலேயே, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். மிளகாய்த் தூளும் சுண்ணாம்பும் மஞ்சளும் காப்பித் தூளும் வைக்கக் கூடாது. காயத்தைக் கட்டவும் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். வீட்டு நாய்தானே, குட்டி நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. நோய் வெளிப்பட்டுவிட்டால் அதன்பின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்; வெளிப்படுமுன் ஊசி போட்டுக்கொண்டால் தப்பிவிடலாம். பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இந்தத் தடுப்பு மருந்தைச் செலுத்தியது 1885 ஜூலை 6 அன்று. 1907-இல் நம் நீலகிரியில், குன்னூரில், அவர் பெயராலேயே ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் சொல்லிப் பயமுறுத்துவது பழைய கதை. அந்த வகை மருந்தின் தயாரிப்பு நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. இப்போது கையில் போடும் சில ஊசிகள்தாம்; மருத்துவர் சொல்லும் நாட்களில் ஒன்றையும் தவறவிடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். ஆழமான காயமானால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவார்கள்.

மாணவியரே, கடி பட்டதை வீட்டில் சொன்னால் நாயைத் துரத்திவிடுவார்கள் என்று பயந்து, காயத்தை மறைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மறைக்காதீர்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: அப்படி மறைக்கத் தூண்டும் விதத்தில் பேசிவிடாதீர்கள். நாய்க்கு மூன்று மாதமாகும்போது முதல் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு மருத்துவர் குறிக்கும் தேதிகளில் தவறாமல் மறு ஊசியும் போட்டு, அந்தத் தேதிகளைச் சமையலறை நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள். சென்னையில் உள்ளவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கல்லூரி அது. பிற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன.

மேடை தயாரானதும் அன்றே தண்ணீரை ஊற்ற வேண்டாம். முதல் வாரம் நாயின் சோற்றுத் தட்டை அதன்மேல் வையுங்கள். அது தானாக ஏறிச் சாப்பிட்டுவிட்டு, தானாக இறங்கிப் போகட்டும். இரண்டாம் வாரம் சாப்பிடும்போது பக்கத்தில் வாளியை வைத்துச் சொம்பால் நீரை மொண்டு வாளியிலேயே ஊற்றுங்கள், ஓசை பழகட்டும். பிறகு ஒருநாள் பாதங்களை மட்டும் நனைத்துத் துடைத்து, ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள். மூன்றாம் வாரமோ நாலாம் வாரமோ முழுக் குளியல். ஏற்கெனவே பயந்துபோன நாயானால் இரண்டு மாதம்கூட ஆகலாம். அவசரப்படும் அண்ணன்மாரை அந்த நாட்களில் வேறு வேலைக்கு அனுப்பிவிடுவது நல்லது.

குளியல் முடிந்ததும் மேடையைத் தேய்த்துக் கழுவி, கோணியைப் பிழிந்து கொடியில் போட்டு, வாளியையும் சொம்பையும் கவிழ்த்து வையுங்கள். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுவது இப்படி மறந்து வைத்த வாளி நீரில்தான்.